புதுநன்மைப் படம்

"ஒரே ஒரு நாள், நுவாலா. அந்தச் சனியனைக் கழட்டி வெச்சா குடியா முழுகிடும்?"

இதைச் சொன்ன கான்செப்டாவின் கையில் இஸ்திரி போட்ட வெள்ளை உடை இருந்தது. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துப் பெண்கள் கையில்லாத அந்த உடையில்தான் புதுநன்மை, அதாவது மாதா கோயிலில் முதல் நற்கருணை, வாங்கினார்கள். கோயில் வாசலில் அதை உடுத்தி நின்று எடுத்த படங்கள் கான்செப்டா வீட்டுக் கூடத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. இன்று அவள் தம்பி மகள், நுவாலாவின் பிள்ளை டெர்வ்லாவின் முறை. குழந்தையின் மேல்கையில் ஒட்டியிருந்த, ரத்தச் சர்க்கரையை அளக்கும் சென்சார்தான் அத்தையின் கண்ணை உறுத்தியது.

"கழட்டினா திரும்ப ஒட்ட முடியாது அக்கா," என்றாள் நுவாலா. "சர்க்கரை இறங்கினா கத்துறது அதுதான். இடுப்புல இருக்கிற பம்ப்புக்கு இன்சுலினை நிறுத்துன்னு சொல்றதும் அதுதான்."

"விரல்ல குத்திப் பாத்துக்க. ஊரு பூரா வந்து என்ன ஏதுன்னு கேக்கணுமா? எங்க வம்சத்துல இந்தச் சீக்கு கிடையாது, தெரியுமில்ல?"

இரண்டு வருடமாக நுவாலா கேட்டுக்கேட்டுச் சலித்த பேச்சு அது. யார் செய்த குற்றமும் இல்லாத ஒரு நோயை மருமகள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தது அந்தக் குடும்பம். நுவாலா தன் கணவனைப் பார்த்தாள். டோனல், ஏற்கெனவே பளபளத்த செருப்பை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள்தானே, விடேன்," என்றான் தலை நிமிராமல்.

நுவாலாவுக்குத் தெம்பு அற்றுப்போனது. அவளே சென்சாரை உரித்தாள்.

"அம்மா, இது அசிங்கமா?" என்று கேட்டாள் டெர்வ்லா.

"இல்லடா கண்ணு."

வாய் இல்லை என்றது. கை உரித்து முடித்திருந்தது.

ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சிக்கு உண்டான இன்சுலினைப் பம்ப்பில் கொடுத்துவிட்டு நுவாலா உடை மாற்ற மாடிக்குப் போனாள். குழந்தை இரண்டு வாய்தான் சாப்பிட்டிருக்கும். உடையில் கொட்டிவிடுமே என்று கான்செப்டா கிண்ணத்தைப் பிடுங்கி மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிக் கழுவி வைத்தாள். திரும்பி வந்த நுவாலா கழுவிய கிண்ணத்தைப் பார்த்து, பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்தது. மழை விட்டிருந்த கோயில் வாசலில், மாதா சிலைக்குப் பக்கத்தில் டெர்வ்லாவை நிறுத்தினார்கள்.

"சிரிம்மா," என்றார் படம் எடுப்பவர்.

அவள் சிரிக்கவில்லை. வெளுத்த முகத்தோடு, எல்லார் தலைக்கும் மேலே எங்கேயோ பார்த்தபடி நின்றாள். கான்செப்டா உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படம் எடுத்த கையோடு, சர்க்கரை இறங்கிக் குழந்தை துவண்டு விழுந்தாள். நுவாலா ஓடிப்போய், சர்க்கரைப் பசையை அவள் கன்னத்துக்குள் தேய்த்தபடி பெயர் சொல்லிக் கதறினாள். ஆம்புலன்ஸ் வந்தது. வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் குதித்து விளையாட வாடகைக்கு எடுத்த காற்றுக்கோட்டை நாள் முழுக்கச் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

"துணி பாழாயிடுமேன்னுதான் கிண்ணத்த எடுத்தேன்," என்று ஆஸ்பத்திரியில் கான்செப்டா முனகினாள். பிள்ளை பிழைத்ததே போதும் என்று நுவாலா கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த மாதம் கான்செப்டா வீட்டில் தேநீர் விருந்து. வரிசையில் புதுப் படம் ஏறியிருந்தது.

"அந்த முகத்தப் பாருங்க," என்று வந்தவர்களிடம் கான்செப்டா பூரித்தாள். "அசல் புனிதை! ஆண்டவரே உள்ள வந்து உக்காந்த மாதிரி என்ன ஒரு அமைதி!"

பெண்கள் உச்சுக்கொட்டி வியந்தார்கள். மேல்கையில் புதுச் சென்சாரோடு கேக்குக்குக் காத்திருந்த டெர்வ்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எனக்கு நீங்க யாருன்னே தெரியல அத்தை. எல்லாரும் ரெண்டு ரெண்டா தெரிஞ்சீங்க. பயமா இருந்துச்சு, கூப்பிட வாய் வரல."

"பெரியவங்க பேசறப்போ குறுக்க பேசக் கூடாது, கண்ணு," என்று கான்செப்டா அவசரமாகச் சிரித்தாள்.

நுவாலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பேசட்டும் அக்கா. நீ சொல்லும்மா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. அம்மாதான் அந்தச் சென்சாரக் கழட்டினாள்னும் சேத்துச் சொல்லு."