முன்அறைக் கடலுக்குத் தண்ணீர்

லோஜன் சக்கர நாற்காலியில் இருந்து சொல்லுவான். மனைவி ஆரபியின் கை செய்யும். கொழும்புத்துறை வீட்டின் முன்அறையை அடைத்துக்கொண்டு அந்த ஆறடிக் கண்ணாடித் தொட்டி அப்படித்தான் எழும்பியது. கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போனவனுக்கு, ஆழத்தில் இருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு அவன் வாய்திறந்து கேட்டது இந்தத் தொட்டி ஒன்றைத்தான். பழைய சின்னத் தொட்டி போதாதாம்.

கீழே அலுமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேலிருந்து வழிகிற தண்ணீர் அதற்குள் இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் வடிந்து, அழுக்கை நுரையாகக் கக்கும் குழாய்க்குள்ளால் போய், பம்பில் திரும்ப மேலேறும். லோஜனின் தமையன் கனடாவில் இருந்து அனுப்பிய நீல விளக்குகளை கூரை வளையில் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். தண்ணீர் மட்டும் பருத்தித்துறைக் கடலில் இருந்துதான் வரவேண்டும் என்று லோஜன் பிடிவாதம் பிடித்தான்.

தண்ணீர்க் கான்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரன் கிறிஸ்ரோபருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"படலையடியிலை தண்ணியை வைச்சுக்கொண்டு, கடல்தண்ணிக்கு ஓட்டோ பிடிக்கிற ஆக்கள் நீங்கள்தான்!"

"உது களப்புத் தண்ணியடா. ஒரு மழைக்கு உப்புப் போயிடும். உன்ரை கதை மாதிரி."

லோஜன் பகிடி விட்டு எவ்வளவு காலம்! ஆரபி குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்தாள்.

தொட்டிக்குள் அடுக்கிய கல் ஊறிப் பதப்பட்ட பிறகு கொழும்புக் கடையில் இருந்து மீன், இறால், நத்தை, கடற்சாமந்தி எல்லாம் வந்தன. சாமந்தி விளக்கின் கீழே விரிந்தபோது, லோஜன் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லி அதன் முன்னால் இருந்து சாப்பிட்டான்.

பிறகு இறால்கள் செத்தன. நத்தைகள் கண்ணாடியில் இருந்து கழன்று விழுந்தன. சாமந்தி சுருங்கிச் சளியாய்க் கரைந்தது. மீன்கள் மட்டும் மிஞ்சின. லோஜன் விளக்கை உயர்த்தச் சொன்னான், இறக்கச் சொன்னான், பஞ்சை மாற்றுவித்தான்.

"என்ரை கையிலை ஒண்டும் தங்காது, ஆரபி. தொட்டியைக் கழட்டி விடும்," என்று சுவரோடு திரும்பிப் படுத்துவிட்டான்.

விளக்குச் சூட்டில் வற்றுகிற அளவுக்கு, கடையில் வாங்கிய வடித்த தண்ணீரை விடுவது அவனுடைய தாய் மகாதேவியின் பொறுப்பு. அடுத்தநாள் விடிய, அவர் சாமியறைக்குள் இருந்து புளி போட்டு மினுக்கிய செப்புக்குடத்தோடு வருவதை ஆரபி கண்டாள்.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"கடைத்தண்ணியை அப்பிடியே ஊத்துறதே, பிள்ளை? வீட்டுக்கை கடலம்மா எல்லோ இருக்கிறா. இரவு குடத்திலை விட்டு, சாமிக்கு முன்னாலை வைச்சு, விடியக் கும்பிட்டு ஊத்துறன். அவன்ரை கால் வரட்டும் எண்டு நேந்தனான்."

விளக்கு வயர் பூட்டும்போது லோஜன் சொன்னது ஆரபிக்கு மறக்கவில்லை: தண்ணீரில் செப்பு பட்டால் மீன் தாங்கும், மற்றதெல்லாம் செத்துப்போகும், கல்லிலும் ஊறிவிட்டால் பிறகு போகாது.

அவனிடம் மறைக்க அவளால் முடியவில்லை. பிழை அவனுடையது இல்லை என்றாவது தெரியட்டும்.

"இஞ்சை பாருங்கோ, உங்கடை கணக்கிலை ஒரு பிழையுமில்லை," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"கால் வரட்டும் எண்டோ?" என்று மட்டும் அவன் கேட்டான். பிறகு, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதையும். தாங்கமாட்டா. அந்தக் கல்லு எப்பிடியும் இனி உதவாது. மீன் தாங்கும்."

மறுநாள் காலை அவனாகவே முன்அறைக்கு வந்திருந்தான். மகாதேவி குடத்தோடு வந்தார். நாற்காலி வழியை மறித்தது. லோஜன் சக்கரத்தைப் பின்னால் உருட்டி இடம் விட்டான்.

"ஊத்தணை, அம்மா," என்றான்.