அரக்கும் பாட்டில் பச்சையும்

காரியம் முடிந்த மறுநாளே தீபக் வந்து என் கணவருடைய லேப்டாப்பைக் கேட்டார். கொள்ளேகாலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை. கூடத்தில் பாதிப் பேர் படுத்திருந்தார்கள்.

"ஆபீஸ் லேப்டாப் மேடம். ரிப்போர்ட் பாக்கி இருக்கு" என்றார்.

உள்ளே உட்காரவைத்தேன். காபி கொண்டுபோனபோது திரையைச் சட்டென்று பாதி மூடினார். அதை நான் பார்த்துவிட்டேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "சார் கையால எழுதின மேப் பிரிண்ட் ஏதாவது வீட்ல இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

இருந்தது. அன்று சாயங்காலமே அதை எடுத்து பீரோவில் என் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

என் கணவர் ரத்தினசாமி மைசூரில் ஒரு நீர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். ஹனூர்ப் பக்கம் அறுபத்திரண்டு கிணறுகளில் எவ்வளவு ஃப்ளோரைடு இருக்கிறது என்று அளந்து வரைபடமாகப் போட்டதுதான் அவருடைய கடைசி வேலை. தீபக் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். இருபத்தோரு வருஷத்தில் ஆபீஸ் ஆள் யாரையும் சந்தேகிக்க எனக்குக் காரணம் இருந்ததில்லை. ஆனால் அந்த மூடிய திரை தூங்கவிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. ஹனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் முப்பத்தேழாம் எண் கிணற்றில் ஃப்ளோரைடு 3.8. குடிக்கக் கூடாத தண்ணீர். ஆனால் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அது நல்ல கிணறுகளின் நிறத்திலேயே இருந்திருக்கிறது. இரண்டு மாதம் ஊரே குடித்திருக்கிறது. படத்தோடு போயிருந்த அட்டவணையைப் படித்த பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். விசாரணை நடக்கும், வீட்டில் காகிதங்கள் இருந்தால் ஒப்படைக்கவும், அறிக்கையில் ரத்தினசாமியின் பெயர் இருக்கலாமா என்பது அதன் பிறகே முடிவாகும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் கல் குவாரி வைத்திருப்பவரின் ஜீப்பில் இவர் இரண்டு தடவை போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்களாம். குவாரிக்காரருக்காகக் கெட்ட கிணற்றை மறைத்தாரோ என்ற சந்தேகத்தையும் ஒரு வரியில் சேர்த்திருந்தார்கள்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுக்கப் பார்க்கிறார்கள்.

பீரோவைத் திறந்து பிரிண்டை எடுத்தேன். முப்பத்தேழு அரக்கு நிறத்தில் இருந்தது. கெட்ட கிணற்றின் நிறம், சந்தேகமே இல்லாத அரக்கு. பக்கத்தில் பென்சிலால் 3.8 என்று அவர் கையெழுத்து. எல்லாக் கிணற்றுக்கும் அப்படி எண் எழுதியிருந்தார். கடிதத்தோடு திருத்திய அறிக்கை என்று ஒன்று வந்திருந்தது, தீபக் கையெழுத்தோடு. அதில் என் நிறங்கள் ஒன்றுகூட இல்லை. வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கருநீலத்தில் முடிந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். லேப்டாப்பை எடுத்துப் போனவர், நிறத்தை மாற்றியவர், பிரிண்டைத் தேடி வந்தவர், மூவரும் ஒரே ஆள்.

என் நிறங்கள் என்று சொன்னேனே, அதைச் சொல்ல வேண்டும். ரத்தினசாமிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறவியிலேயே. கல்யாணமான மூன்றாம் மாதம் காய்த் தக்காளியை ஒரு பை நிறைய வாங்கி வந்தபோது கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் பழுப்பு இலை வரைந்து வகுப்பே சிரித்ததாம். அதிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸில் சொன்னால் வரைபடம் போடுகிற வேலையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். அதனால் படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் நிறம் சொல்வேன்.

நிறம் என் தொழில். தேவராஜ மொஹல்லாவில் கமலம்மாளின் மேட்சிங் சென்டரில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். புடவை கொண்டுவருகிறவர்களுக்கு ரவிக்கைத் துணி பொருத்திக் கொடுப்பது. டியூப்லைட்டில் பார்த்த நிறத்தை நாங்கள் நம்புவதில்லை. துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கத்தரி வைப்போம்.

ஹனூர்ப் படத்துக்கு நான் சொன்னது இது: குறைவுக்குப் பாட்டில் பச்சை, நடுவில் மஞ்சள், அதிகத்துக்கு அரக்கு. எங்கள் ஊர்ப் பட்டில் அரக்கு உடலுக்குப் பாட்டில் பச்சை பார்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்போம். திரையில் வந்ததும், "கல்யாணப் பட்டு மாதிரி இருக்குதுங்க" என்றேன். அவரும் சிரித்தார்.

விசாரணைக்கு முதல் நாள், அசலைக் கொடுத்தால் அதையும் மாற்றிவிடுவார்கள் என்ற நினைப்பில், மார்க்கெட் எதிரில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எடுத்துக் கொடுத்த தாளைப் பழக்கத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

முப்பத்தேழைக் காணவில்லை.

எண் இருந்தது. நிறம்தான் இல்லை. நடுவில் மஞ்சள் இருந்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. பாட்டில் பச்சையும் அரக்கும் ஒரே அடர்ந்த சாம்பல். நல்ல கிணறும் கெட்ட கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

திரும்பிப் போய், "மெஷின் கோளாறா தம்பி?" என்றேன்.

"மெஷினுக்கு என்னக்கா? அதுக்குப் பச்சையும் தெரியாது, செவப்பும் தெரியாது. இருட்டு, வெளிச்சம், அவ்வளவுதான்."

கமலம்மாளின் கடைக்குத் திரும்பினேன். தீபக்கை போனில் கூப்பிட்டேன். அரைமணியில் வந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரம். தாள்களைக் கவுண்டரில் விரித்தேன்.

"பஞ்சாயத்துல ஒட்டினது கலரா, ஜெராக்ஸா?"

"ஜெராக்ஸ் மேடம். எல்லா ஊருக்கும் ஜெராக்ஸ்தான் போச்சு. பென்சில் நம்பர் இல்லாத காபி." பிரிண்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இல்லேன்னீங்களே? ரிப்போர்ட் நம்பரைச் சரிபாக்க இதைத்தானே அன்னிக்குக் கேட்டேன். இப்போ சார் எதையும் மறைக்கலேன்னு காட்டவும் இது ஒண்ணுதான் இருக்கு."

"அப்போ ஏன் திரையை மூடினீங்க? ஏன் நிறத்தை மாத்தினீங்க?"

கமலம்மாளைப் பார்த்துத் தயங்கினார். "சாருக்குக் கண்ணுல ஒரு... அதைப் பத்தி அவர் படிச்சு வச்சிருந்தது திரையில இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரியாமயே இருக்கட்டும்னுதான் மூடினேன்."

"எனக்கா தெரியாது? இருபத்தோரு வருஷம் அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தது யாரு?"

கமலம்மாள் மீட்டர்கோலைக் கீழே வைத்தார். "ஆளுக்கு ஒரு ரகசியத்தை வச்சுக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் கள்ளன்னு பாத்துட்டிருந்திருக்கீங்க. நல்லா இருக்குது போங்க."

நான் விடவில்லை. புதிய அறிக்கையின் அட்டவணையையும் பென்சில் எண்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அறுபத்திரண்டும் பொருந்தின. தீபக் கோபப்படாமல் காத்திருந்தார். குறைந்தால் வெளிர், கூடக் கூட அடர்த்தி, ஒரே திசை. அப்படிப் போட்டால் ஜெராக்ஸ் எடுத்தாலும் வரிசை கலையாது, சார் மாதிரிக் கண் உள்ளவர்களுக்கும் புரியும் என்றார்.

"இவ்வளவு தெரிஞ்சவர், அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன் மேடம். அவரோட கண்ணைப் பத்திப் பேசாம, ரெண்டு கலரும் ஒரே டார்க்கா இருக்குன்னு மட்டும் சொன்னேன். வீட்ல கேட்டுட்டு வர்றேன்னார். மறுநாள் வந்து, இதே இருக்கட்டும்னுட்டார்."

அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. சீசன் நாள், கடையில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. அவர் பிரிண்டை நீட்டி, "ஏம்புள்ள, இது ரெண்டும் உனக்கு வேற வேறயாத்தான் தெரியுதா?" என்றார். "கண்ணு இருக்கற யாருக்கும் தெரியுமுங்க" என்றேன். அவர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். பென்சில் எண்களை அன்று ராத்திரிதான் எழுதியிருக்க வேண்டும். மறுவாரம் அவருடைய நெஞ்சு நின்றுபோனது.

என்னை நம்பி விட்டுவிட்டாரா, அந்தச் சொல் தைத்து வாயை மூடிக்கொண்டாரா? தெரியவில்லை. தீபக்கைச் சந்தேகித்த அந்த இரண்டு மாதமும் இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒளிந்துகொண்டிருந்தேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

"நாளைக்குச் சாரோட கண் விஷயத்தைச் சொல்லணுமா மேடம்?" என்று தீபக் கேட்டார். "பிரிண்டை மட்டும் காட்டினாப் போதும்னு தோணுது."

"போதாது. இவ்வளவு நல்லா அளந்தவர் இந்த நிறத்தை ஏன் வச்சார்னு கேப்பாங்க. குவாரி ஜீப்பைத்தான் பதிலா எடுத்துக்குவாங்க."

மறுநாள் மூன்று பேர் உட்கார்ந்திருந்த மேஜைமுன் சொன்னேன். அவருடைய கண்ணைப் பற்றி, பட்டைப் பற்றி, நான் பேசிய பேச்சைப் பற்றி. நடுவில் இருந்த அம்மாள் ஜெராக்ஸையும் பிரிண்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். "வரைபடத்தின் நிறங்களைத் தேர்ந்தெடுத்தவள் நான். எண்கள் அவருடையவை" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். அவர் முப்பது வருஷம் மறைத்ததை என் கையெழுத்தில் பார்க்கக் கூசியது. ஆனாலும் எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அறிக்கையில் முதல் பெயர் அவருடையதாகவே இருக்கும். முப்பத்தேழாம் கிணற்றை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். அந்த ஊர்க் குழந்தைகளின் பல்லைப் பார்க்க ஆள் அனுப்பியிருப்பதாகத் தீபக் சொன்னார். ஃப்ளோரைடு கறை முதலில் பல்லில்தான் தெரியுமாம்.

புதிய வரைபடம் ஊர்களுக்குப் போவதற்கு முன் தீபக் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். நான் நிறத்தைப் பார்க்கவில்லை. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் ஒன்று எடுத்து, தெருவில் நின்று வெயிலில் பிடித்தேன். முப்பத்தேழைத் தேட வேண்டியிருக்கவில்லை.