உயிர்த்தீனி

முழங்கால் அளவு சாக்கடைக்குள் நின்றபடி அவள் சல்லடையைச் சேற்றுக்கு அடியில் செலுத்தித் தூக்கினாள். கறுப்புச் சேறு வடிந்ததும் சிவப்பாக ஒரு கொத்து நெளிந்தது. நூல் சிக்கலைப்போல ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த புழுக்கள். வாளிக்குள் தட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். நாற்றம் இப்போது பழகிவிட்டது.

இது அவள் வீட்டுக்காரன் பார்த்துவந்த வேலை. அலங்கார மீன் கடைக்கு அவன்தான் புழு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியபோது, "சும்மா கீறல்தான்" என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினான். பாதம் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். அவன் படுத்ததும் அவள் வாளியைத் தூக்கினாள்.

தெருக்குழாயில் தண்ணீர் தெளியும்வரை புழுக்களை அலசி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர், புதிதாகத் தொட்டி வாங்க வந்த ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மீனும் மனுசன் மாதிரிதாங்க. தெனமும் ஒரே தீனியப் போட்டா மெலிஞ்சுடும், நெறமும் வெளுத்துடும். ஒரு நாள் உருண்டைத் தீனி, ஒரு நாள் வேகவெச்ச பட்டாணி, நடுவுல கொஞ்சம் கீரை, பொடியா நறுக்கின எறா. மாத்தி மாத்திக் குடுக்கணும். வயித்துக்கு மேல போடக்கூடாது."

அவர்கள் போனதும் அவள் வாளியை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"இனிமே புழு வேணாம்மா. பண்ணையில வளத்து, ஒறைய வெச்சு, பாக்கெட்லயே வருது."

"நல்லா அலசிட்டேண்ணே. வேணும்னா இன்னொரு தரம் அலசறேன்."

"அலசினாப் போற கிருமியா அது? ஒரு வீட்ல தொட்டியோட மீனு செத்து மெதந்துச்சு. அந்த வீட்டுப் பொண்ணு இங்க வந்து அழுத அழுகைய நீ பாக்கலியே."

"இதுக்காகத்தாண்ணே அவரு காலே போச்சு. இப்ப நீங்களும் நிறுத்திட்டா நாங்க எங்க போறது?"

"நானும் அதத்தாம்மா சொல்றேன்." அவர் குரல் இரக்கமாகவே இருந்தது. "மனுசன் காலையே தின்ன சாக்கடை. அதுலேருந்து அள்ளி மீனுக்குப் போடலாமா? நீயே சொல்லு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தொட்டி கழுவுறேண்ணே, கடையப் பெருக்குறேன்..." என்றாள்.

"ஆள் இருக்கும்மா" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

புழுக்களை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வீட்டுக்காரன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க முதலாளியம்மா! யாவாரம் எப்படி?"

"இன்னும் கூடக் கொண்டாரச் சொல்றாருங்க." எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்ல! நம்ம புழுவத் தின்னாத்தான் மீனுக்கு நெறமே ஏறும்." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாலத்துக்குக் கீழ, அந்த வளைவுல எறங்கிப் பாரு. அள்ள அள்ள வரும். ஆழம்தான் கொஞ்சம் ஜாஸ்தி, பாத்து நில்லு. நான் எழுந்து வந்துட்டேன்னா நீ எறங்கவே வேணாம்."

"சரிங்க" என்றாள். அவன் இன்னும் வழி சொல்லிக்கொண்டே இருந்தான். விரலிடுக்குகளில் தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருந்த தன் கால்களை, அவள் மெல்லக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.