தட்டில் கலந்த மாத்திரைகள்

எதையும் சமமாகப் பிரிக்காவிட்டால் ஷமீம் பானுவுக்குச் சோறு இறங்காது. பட்டுப் புடவை முந்தானையில் தொங்கும் நூல்களைப் பிரித்துக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில். ஒரு குஞ்சத்தில் நாலு இழை கூடினாலும் முந்தானை கோணிக்கொள்ளும், அதைப் பார்க்கும் கடைக்காரர் முகமும் கோணிக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு மாம்பழம் வந்தால் கொட்டையை யார் சப்புவது என்பது வரை அவள்தான் தீர்ப்பு. அப்படிப்பட்டவளிடம் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு டப்பாவைக் கொடுத்து, ஒன்றில் மருந்து இருக்கலாம், இன்னொன்றில் வெறும் மாவு இருக்கலாம் என்று சொன்னால் அவள் என்னதான் செய்வாள்?

சொன்னவர் சென்னை ஆஸ்பத்திரி டாக்டர் கலியாணசுந்தரம். சாய்மாவுக்கும் தப்ரேஸுக்கும் பிறவியிலேயே தசை நோய். பதினொரு வயது சாய்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏழு வயது தப்ரேஸ் படியில் தவழ்ந்துதான் ஏறுவான். இந்த நோய்க்கு இதுவரை மருந்து கிடையாது. தசைக்குள் இருக்கும் ஒரு புரதம் ஏன் உடைகிறது என்று கண்டுபிடிக்கவே டாக்டருக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. அதில் முக்கால்வாசி எலிகளோடு போயிற்று. எலிகள் தேறிவிட்டன. இப்போது முதல்முறையாகப் பிள்ளைகளிடம் சோதனை, மொத்தம் நாற்பது பேர். யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது.

"எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா என் கண்ணே என்னை ஏமாத்திடும்," என்றார் டாக்டர். அக்கா தம்பிக்காவது ஒரே மாதிரி டப்பா கொடுக்கக் கூடாதா என்று ஷமீம் பானு கேட்டாள். கூடாதாம். படித்தவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ என்று பஸ்ஸில் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தப்ரேஸ் நின்றபடியே படி ஏறினான். நாலாவது படியில் திரும்பி நின்று கை தட்டினான். கீழே சுவரோரம் நின்று பார்த்த சாய்மா அழவில்லை. "என்னோடதுதான் மாவு டப்பாவா அம்மீ?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மத்தியானம் இரண்டு டப்பாவையும் ஒரே தட்டில் கொட்டினாள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். நன்றாகக் கலந்து, குஞ்சத்துக்கு இழை எண்ணுகிற மாதிரி எண்ணி, பாதிப் பாதியாகப் போட்டு மூடினாள். கணவன் சனாவுல்லாவிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த மாத டப்பாக்கள் வந்தபோதும் இதே வேலைதான். யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று அவளுக்குப் பரம திருப்தி.

வாராவாரம் மாத்திரையை எண்ணிப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து சுகாசினி வருவாள். பக்கத்து ஊரான கூரத்துப் பெண். வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். எண்ணிக்கை ஒருநாளும் தவறவில்லை. எப்படித் தவறும்?

ஐந்தாவது மாதம் சுகாசினி எண்ணி முடித்துவிட்டுச் சொன்னாள். "அடுத்த வாரத்துக்கு மேல பெரிய கமிட்டி உக்காருதுக்கா. ரெண்டு டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியலன்னா மருந்து வேஸ்ட்டுன்னு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. மொத்தமே நாப்பது பிள்ளைங்கதானே, ஒவ்வொண்ணும் முக்கியம்."

ஷமீம் பானுவின் விரலில் முடிச்சு நழுவியது. "இதுல சேந்துக்கினு யாராச்சும் ரூல் மீறிட்டா?"

"அந்தப் பிள்ளையை எடுத்துடுவாங்க. மாத்திரை நின்னுடும். ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சொன்னால் இரண்டு பிள்ளைகளுக்கும் மாத்திரை போய்விடும். சொல்லாவிட்டால் மருந்தே போய்விடும், அப்போதும் இவள் பிள்ளைகளுக்குக் கிடையாது. கலந்ததைத் திரும்பப் பிரிக்கவாவது முடியுமா? தட்டில் கொட்டி முகர்ந்து பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே கசப்பு, மாவுக்கும் அதே கசப்பை ஏற்றியிருந்தார்கள். டாக்டர் மேல் கோபம் வந்தது, எலிகள் மேல் வந்தது, கடைசியில் தன் கை மேலேயே வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த தென்னேரி தேவகி நினைவுக்கு வந்தாள். ஒன்பது வயதுப் பையனை இடுப்பில் சுமந்துகொண்டு, "இந்த மருந்துதான்க்கா எங்களுக்கு எல்லாம்" என்றவள் அவள்.

சுகாசினி வந்து டப்பாவைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டாள். "ரெண்டையும் நான் கலந்துட்டேம்மா. ரெண்டு மாசமா, ஆளுக்குப் பாதி."

சுகாசினி வெளியே போய் டாக்டரிடம் பேசிவிட்டு, போனை ஷமீம் பானுவின் கையில் கொடுத்தாள்.

"இப்பவாவது சொன்னீங்களே," என்றார் டாக்டர். குரலில் கோபமில்லை, அசதிதான் இருந்தது. "இவங்க ரெண்டு பேரையும் தனியா வெச்சுட்டு மத்தவங்களைப் பார்ப்போம். மருந்து தப்பிச்சிக்கும். ஆனா மாத்திரையை இன்னியோட நிறுத்தணும்மா."

"நிறுத்துங்க சார். தப்ரேஸோடதுதான் மருந்துன்னு தெரிஞ்சே பண்ணேன். என் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியல."

"அவனோடதுன்னு எப்படித் தெரியும்?"

"படி ஏறினானே சார்."

"ஏழு வயசுல சில பிள்ளைங்களுக்கு வளர்ச்சியிலேயே கொஞ்ச நாள் பலம் கூடும்மா, அப்புறம் இறங்கிடும். சாய்மா வயசுல ஏறுமுகம் வராது. விழாம அப்படியே நின்னாலே மருந்து கேக்குதுன்னு அர்த்தம்."

ஷமீம் பானு மனசுக்குள் நாட்களைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். முதல் மூன்று மாதமும் சாய்மா ஒருமுறைகூட விழவில்லை. இந்த இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை, வாசலில் ஒரு தடவை. தரை வழுக்கியதாக்கும் என்று அவளே சொல்லித் தேற்றியிருந்தாள்.

"அப்ப யாரோடது மருந்து சார்?"

"எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரியும். ரெண்டு வருஷம் ஆகும்மா."

சுகாசினி இரண்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். உள்ளேயிருந்து சுவரைப் பிடித்தபடி சாய்மா வந்தாள். அம்மா சுகாசினியிடம் சொன்னது மட்டும்தான் அவள் காதில் விழுந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்காகவா அம்மீ தம்பி மருந்துல பாதி எடுத்துக் குடுத்தே?" என்றாள்.

ஷமீம் பானு மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். வாசலில் விழுந்து சிராய்த்த அவள் முழங்காலைத் தடவிக் கொடுத்தாள்.