யானை நெற்றியில் குங்குமம்

மனைவி புவனாவின் முதல் தெவசம் முடிந்துவிட்டது. மறுநாள் தினேஷ் பட்டாளத்துக்குத் திரும்ப வேண்டும். வரும் வழியில் ரயிலில் அவனுடைய தொப்பி பேட்ஜ் தொலைந்துபோயிருந்தது. மலைமேல் மஞ்சக்குட்டை ஊர் வீட்டில் பழசு ஒன்று இருந்தது, சாமி அலமாரியில்.

கேடயம், குறுக்கே இரண்டு வாள், நடுவே யானை. என்றோ ஒரு போரில் பின்வாங்காமல் நின்றதற்காக ரெஜிமெண்டுக்குக் கிடைத்த யானை என்று பயிற்சியில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். கலியாணமான புதிதில் அவன் விட்டுவிட்டுப் போனதை புவனா பிள்ளையாராக்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் யானை நெற்றியில் சேர்வராயன் கோயில் குங்குமம்.

"அது சாமியில்ல புள்ள, சண்டை ஆனை," என்று ஒருமுறை போனில் சிரித்தான்.

"சண்டைக்குப் போனாலும் ஆனை ஆனைதானுங்க. உங்க மேஜருக்கு ஆட்சேபணைன்னா மலையேறி வந்து சொல்லட்டும்."

காய்ச்சலில் அவள் போனபோது அவன் எல்லையில் இருந்தான். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. அழவுமில்லை.

இப்போது பாலிஷ் டப்பாவும் துணியுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பேட்ஜ் பளபளக்காவிட்டால் பரேடில் பதில் சொல்லியாக வேண்டும். யானை நெற்றியில் குங்குமம் பொருக்குத் தட்டியிருந்தது. அவள் விரல் பட்டதில் கலையாமல் இருப்பது அது ஒன்றுதான்.

மச்சினி சுகுணா வந்து நின்றாள். "தேய்க்கலீங்களா மாமா?"

"புவனா வெச்சது."

அவள் குனிந்து பேட்ஜைப் பார்த்தாள். "மேல இருக்கறது நான் வெச்சதுங்க. அக்கா போனப்பறம் ஒரு வெள்ளி விடல. நின்னுபோனா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நொம்ப பயம்."

தினேஷ் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமைகள்.

"என்னுது கடைப் பாக்கெட்டு, பளிச்சுனு இருக்கும். அக்காளுது கருஞ்செவப்பு." துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "என்னுதைச் சொரண்டிருங்க, எனக்கொண்ணும் மனசு நோவாதுங்க."

ஊக்கு முனையால் மெல்லச் சுரண்டினான். பளிச்சென்ற சிவப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்தது பித்தளையாக இருந்துவிடுமோ என்று கை நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கீறல்.

கருஞ்சிவப்பு. ஒரு கடுகளவுதான்.

வாள்களையும் கேடயத்தையும் மட்டும் தேய்த்துத் துடைத்து, பேட்ஜைத் தொப்பியில் மாட்டினான்.

"பரேடுல கேக்க மாட்டாங்களா மாமா?"

"கேப்பாங்க."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"எங்க ஊட்டுக்காரி வெச்சதுன்னு."