இறுதி ஆட்டமும் நான்காம் நம்பர் லிஃப்டும்

இறுதி ஆட்டம் வெளிநாட்டுக்குப் போகிறது என்ற செய்தி வந்தபோது, நான் கடையில் ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். மேஜைமேல் கிடந்த போன் நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் ரசிகர் குழுவில் முந்நூறு செய்திகள்.

"வீட்ல யாருக்காவது ஏதாவதாம்மா?" என்று பெரியவர் பதறினார்.

"ஒண்ணுமில்லைங்க. ஒரு மேட்ச்சை இடம் மாத்திட்டாங்க."

"அவ்வளவுதானா?" என்றார். அவர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பொருத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

விளையாட்டு கம்ப்யூட்டரில் ஆடுவது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம், கையில் துப்பாக்கி. இறுதியில் ஐந்து ஆட்டம் வரை போகும், மூன்றை ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. லீக்கின் இறுதி ஆட்டம் மூன்று வருடமாக எங்கள் நகரத்துப் பெரிய அரங்கத்தில்தான் நடந்தது. மூன்று வருடமும் அடுத்த ஊர்க்காரர்கள் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்த வருடம்தான் எங்கள் அணியே இறுதிக்கு வந்தது. வந்த பத்தாம் நாள் லீக் நிர்வாகம் அறிக்கை விட்டது: "உலக ரசிகர்களை நெருங்கும் முயற்சியாக" ஆட்டம் கடல் தாண்டிப் போகிறதாம்.

"உலகத்தை நெருங்கறதுக்கு எங்களை ஏன்டா தள்ளுறீங்க?" என்று குழுவில் முதலில் கேட்டது எங்கள் தலைவர். சலவைக் கடை வைத்திருப்பவர். அணியின் சட்டைகள் நாற்பது தைத்து முடித்திருந்த டெய்லர் அக்கா, அழுகிற பொம்மைப் படமாக வரிசையாகப் போட்டார். ஒருத்தன் அணியின் நிறத்தில் தலைக்குச் சாயம் அடித்திருந்தான். "டிக்கெட் காசு திருப்பித் தருவாங்க, என் முடியை யார் திருப்பித் தருவா?" என்பது அவன் கவலை.

எங்கள் குழுவின் பெயர் ஆமைப் படை. அணியில் ஆமை என்று ஒருவன் உண்டு. மற்றவர்கள் பாய்ந்து ஓடும்போது அவன் ஒரு மூலையில் அசையாமல் காத்திருப்பான். எதிரி வந்து நிற்கும்போது ஒரே ஒரு தடவை சுடுவான். அவன் காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் கத்தமாட்டோம். நாற்காலிக் கையில் மெதுவாக மூன்று தட்டு, அவ்வளவுதான். காதை மூடிய ஹெட்போனுக்குள் அது அவனுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் என்ன, தட்டுவது எங்கள் திருப்திக்கு.

நான் படையின் செயலாளர். ஆமை என் தம்பி என்பது படையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் கையெழுத்து வாங்கிக் கொடு, அவன் இஷ்டப்பட்டுச் சாப்பிடுவது என்ன என்று என் உயிரை எடுத்துவிடுவார்கள்.

என் கோபம் ஆட்டத்துக்காக மட்டும் வந்ததில்லை. அப்பாவுக்காகவும் வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் தம்பி படிப்பைப் பாதியில் விட்டு அணியில் சேர்ந்தபோது, "போறவன் போகட்டும்" என்றார். அதோடு சரி. அவனும் அணி எடுத்துக் கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அவனும் இவரும் ஒரே அச்சு, வீம்புக்கென்றே பிறந்தவர்கள். அதன்பிறகு அப்பா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவிடம் பேசும்போது "உன் பிள்ளை" என்பார், என்னிடம் "உன் தம்பி" என்பார். அம்மா தினமும் அவனோடு போனில் பேசுவாள், அப்பா காதில் விழவேண்டும் என்பதற்காகவே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுவாள். அப்பா பேப்பர் படிப்பார். பக்கம் மட்டும் திரும்பாது.

இறுதி ஆட்டம் எங்கள் அரங்கத்தில் என்று இருந்தபோது, அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் கண்ணாடி மாற்ற எங்கள் கடைக்கு வந்தார். அந்த அரங்கத்து லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் கம்பெனிதான். நிகழ்ச்சி நாளில் விளையாட்டுக்காரர்கள் போய்வரும் நான்காம் நம்பர் லிஃப்டில் ஒரு மெக்கானிக் கூடவே நிற்கவேண்டும் என்று அங்கே ஒரு விதி. ஒருமுறை பாதியில் நின்றுபோய்ப் பெரிய ரகளையாகிவிட்டதாம்.

"அந்த நாள் எனக்குத்தான்மா டூட்டி போட்டிருந்தாங்க. உங்கப்பா, என்னோட ரெண்டு ஞாயித்துக்கிழமையைத் தான் பார்த்துக்கறேன்னு சொல்லி அதைக் கேட்டு வாங்கிட்டார்" என்றார் அவர். "மனுஷன் வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதே அதிசயம்."

எனக்குப் புரிந்துவிட்டது. டூட்டிக்குப் போன இடத்தில் கண்ணில் பட்டது என்றால், மகனைப் பார்க்கப் போனார் என்று யாரும் சொல்ல முடியாதே. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. அந்த ஒரு சாக்கையும்தான் லீக் நிர்வாகம் பிடுங்கிக்கொண்டு போனது. அதே வேகத்தில் உட்கார்ந்து, படையின் சார்பில் புறக்கணிப்பு அறிக்கையை எழுதினேன். இறுதி ஆட்டத்தை யாரும் பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் அரங்கத்து வாசலில், சாலையைப் பார்த்து, போனை அணைத்துவிட்டு நிற்கவேண்டும். பார்ப்பவர் படையில் இல்லை.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?" என்று சாயத் தலைக்காரன் கேட்டான். அவனைக் குழுவிலிருந்து இரண்டு நாள் தள்ளிவைத்தேன்.

அன்றைக்கு இருபத்து மூன்று பேர் வந்தோம். அங்கே சாயங்காலம், இங்கே காலை பத்து மணி. அரங்கம் பூட்டிக் கிடந்தது. தலைவர் கொண்டுவந்த பேனரை அவரே இஸ்திரி போட்டிருந்தார், ஒரு சுருக்கம் கிடையாது. வரிசையாக நின்றோம். அணி தோற்றுக்கொண்டிருக்கிறதா ஜெயித்துக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமல் நிற்பது சொல்லி முடியாத அவஸ்தை. கூடப் பிறந்தவனாக வேறு போய்விட்டான். டெய்லர் அக்கா மூன்று முறை பாத்ரூம் போய்வந்தார். முதல் முறை திரும்பியபோது முகம் தொங்கியிருந்தது, இரண்டாம் முறை மலர்ந்திருந்தது, மூன்றாம் முறை மறுபடி தொங்கியது. செயலாளர் என்ற முறையில் நான் கண்டித்திருக்கவேண்டும். நான் அந்த முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, பழந்துணியில் கை துடைத்தபடி அப்பா வந்தார். பூட்டிக் கிடக்கிற நாளில் லிஃப்ட் கயிறு மாற்றச் சொல்லி, அந்த டூட்டியைக் கம்பெனி அவருக்கே விட்டுவைத்திருந்தது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"என்ன இங்க நிக்கிற?"

"போராட்டம்ப்பா. மேட்ச்சை இங்கேருந்து தூக்கிட்டுப் போனதுக்கு."

அப்பா பேனரைப் படித்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், "ஸ்கோர் என்ன?" என்றார்.

தலைவர்தான் முன்னால் வந்தார். "நாங்க பார்க்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம் சார். எதிர்ப்பு."

"எதிர்ப்பு இருக்கட்டும். ஸ்கோர் என்ன?"

"தெரியாது சார். பார்க்கலை."

அப்பா கையிலிருந்த துணியைக் கீழே வீசினார். "இத்தனை பேர் சட்டை தச்சுப் போட்டுட்டு வந்து நிக்கறீங்க. அங்க என் பையன் தனியா உக்காந்து ஆடிட்டிருக்கான். அவன் என்ன ஆனான்னு உங்கள்ல ஒருத்தருக்குமா தெரியாது?"

என் பையன். இரண்டு வருடம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்கிறேன். படை முழுதும் அப்பாவைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. தலைவர் அதிர்ச்சியில் கையை உயர்த்த, சட்டைக் காலருக்குள் ஒளித்திருந்த இயர்போன் வயர் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அவர் பாக்கெட்டுக்குள்ளிருந்து வர்ணனையாளர் அலறினார்: "இரண்டுக்கு இரண்டு! கடைசி ஆட்டம் ஆரம்பம்!"

சலவைக் கடைக்காரரின் சாயம் வெளுத்தது. அவரை முறைப்பதற்கு யாருக்கும் யோக்கியதை இல்லை. ஒவ்வொரு பையிலிருந்தும் சூடான போன் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அணைத்துவைத்த போன் என்னுடையது ஒன்றுதான். ஊருக்கு உபதேசம் பண்ணியவள் நானே அதைக் கடைப்பிடித்த பாவத்துக்கு, நான்கு ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தேன்.

"வெயில்ல ஒண்ணும் தெரியாது, உள்ள வாங்க. என் பொறுப்பு" என்று அப்பா காவலாளியிடம் சொல்லி, எங்களை நான்காம் நம்பர் லிஃப்டுக்கு முன்னால் கூட்டிப்போனார். தலைவரின் போனைத் தன் கருவிப் பெட்டிமேல் சாய்த்து வைத்தார். குந்தி உட்கார்ந்தார்.

"இதுல அவன் எது?"

டெய்லர் அக்கா விரல் வைத்துக் காட்டினார். அதற்குள் ஆட்டம் முடிவை நெருங்கியிருந்தது. ஆமை ஒரு சுவரோரமாகப் பதுங்கியிருந்தான். அவன் பக்கம் வேறு ஆளே மிச்சமில்லை. எதிரில் இரண்டு பேர்.

"ஏன் அசையாம நிக்கறான்?"

"அதான் சார் அவன் ஸ்டைல்" என்றான் சாயத் தலைக்காரன்.

யாரோ பழக்கதோஷத்தில் லிஃப்ட் கதவில் தட்ட ஆரம்பித்தார்கள். "அதைத் தட்டாதீங்க, சென்சார் இருக்கு" என்று அப்பா சீறினார். எல்லோரும் தரையில் தட்டினோம். மெதுவாக மூன்று. மறுபடி மூன்று. ஆமை ஒருவனைச் சுட்டான். இன்னொருவன் பின்னால் வந்து அவனைச் சுட்டுவிட்டான். திரையில் எதிரணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள். தம்பி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் இவ்வளவு இளைத்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

டெய்லர் அக்கா அழுதார். தலைவர் பேனரை மடித்தார், தோற்ற நேரத்திலும் மடிப்பு நேராக இருந்தது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க நடந்திருந்தாலும் தோத்துதான்ப்பா இருப்பான்" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

"தோக்கட்டும்மா. அதுக்கா இங்க டூட்டி வாங்கினேன்?" அவர் லிஃப்ட் கதவைப் பார்த்தார். "ஆட்டம் முடிஞ்சதும் ரூமுக்குப் போக இதுலதான ஏறணும். நாலாவது மாடி. ஜெயிச்சாலும் இதுதான், தோத்தாலும் இதுதான். இருபத்திரண்டு செகண்ட் ஆகும். அவ்வளவு நேரமும் அவன் எங்கயும் போக முடியாதுல்ல. நானும் போக முடியாது."

அவனைத் தூரத்திலிருந்து எட்டிப்பார்க்கத்தான் அவர் டூட்டி வாங்கினார் என்று நான் நினைத்திருந்தேன். நினைத்ததை எண்ணி வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழுதேன்.

"எப்ப திரும்பி வர்றான்?" என்றார்.

"வியாழக்கிழமை காலையில."

"ஏர்போர்ட்ல நம்ம கம்பெனி லிஃப்ட் கிடையாது" என்றார், பெரிய குறையாக. கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். போனைத் துடைத்துத் தலைவரிடம் கொடுத்தார். படையும் வரலாமா என்று தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "வாங்க, ஆனா கத்தக் கூடாது" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பாட்டு மேஜையில் கம்பெனியின் விடுப்புத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத்தில் அவர் அதை நிரப்பி நான் பார்த்ததில்லை. காரணம் என்ற இடத்தில் எல்லோரும் எழுதுகிற மாதிரி "சொந்த வேலை" என்று எழுதியிருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அதை அடித்துவிட்டு, தம்பியின் பெயரை முழுசாக எழுதி, "வருகிறான்" என்று பக்கத்தில் எழுதினார்.