வாத்தியார் துவைத்த சட்டை

டமார்!

வெடித்த சத்தத்தில் சாலையோர மரத்திலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. சைக்கிள் இரண்டு முறை தள்ளாடி, மைல்கல்லை உரசிக்கொண்டு நின்றது. நல்லவேளை, கறை டாக்டர் காலை ஊன்றிக்கொண்டாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த கணவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"விழுந்துட்டியா?"

"நின்னுக்கிட்டிருக்கிறவளைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? டியூப் போயிடுச்சு."

"பின் சக்கரமா? உன் மூட்டை முடிச்சு அத்தனையும் அது தலையிலதானே. நாலு நாள் தாங்கினதே பெரிசு."

"என் மூட்டையை விடுங்க. இத்தனை மேடு ஏறியும் உங்க வாயில மட்டும் காத்து இறங்கலையே."

அவர் சிரித்துக்கொண்டே முகம் கழுவ வாய்க்கால் பக்கம் இறங்கினார். மாற்று டியூப் அவர் பையில்தான் இருந்தது. அவள் பையைத் திறந்து கையை விட்டாள். டியூப் வரவில்லை, ஒரு பாலித்தீன் உறை வந்தது. உள்ளே ஈரச் சட்டை.

"அதைத் தொடாதே! இரு, நானே எடுத்துத் தரேன்!"

மேட்டில் ஓடி ஏறிய வேகத்தில் மனுஷர் வழுக்கி முழங்காலில் விழுந்து எழுந்தார். அதற்குள் அவள் தொட்டாகிவிட்டது. மோந்தும் பார்த்தாகிவிட்டது. சோப்பு வாசனை.

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை.

கறை டாக்டர் என்பது அவள் வேலை பார்க்கும் டிரைகிளீனிங் கடையில் அவளுக்கு வைத்த பெயர். பின்னறையில் ஒரு மேசை, அதற்கு மேல் ஒரு குழல்விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஏழு புட்டிகள், நாலு பிரஷ். துணியை வெளிச்சத்தில் பிடித்தாளென்றால் கறை என்னது, எத்தனை நாளானது, வீட்டில் எதைப் போட்டுத் தேய்த்து மேலும் கெடுத்தார்கள் என்பதுவரை சொல்லிவிடுவாள். "மை கொட்டிடுச்சும்மா" என்று ஒரு பெரிய மனிதர் கோட்டை நீட்டினால், "தலைக்கு அடிக்கிற மைதானே சார்?" என்று மெதுவாகக் கேட்பாள். அவர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போவார்.

அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்காரர் சட்டை எம்மாத்திரம்? தினமும் சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிக் கூடையில் எறிவார். "படிச்சுச் சொல்லு டாக்டரே" என்பார். அவள் அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்ப்பாள். "பத்து மணிக்கு டீ. பாதியை நீங்க குடிச்சீங்க, மீதியைச் சட்டை குடிச்சிருக்கு. பஸ்ஸுல உக்கார இடம் கிடைக்கலை. மத்தியானம் யாருக்கோ பொறந்தநாள், கேக்கு." இந்த விளையாட்டில் அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அந்த மனுஷர் சட்டையைத் தானே துவைத்து, ஈரத்தோடு ஒளித்து வைத்திருக்கிறார் என்றால் அதில் அவள் படிக்கக் கூடாத சேதி ஒன்று இருந்திருக்கிறது. வேறென்ன?

"ஏன் துவைச்சீங்க?" என்றாள், புது டியூபை நீட்டியபடி.

"லீவுலயாவது உனக்கு வேலை வைக்க வேணாமேன்னுதான்."

இனிக்க இனிக்கத்தான் சொன்னார். அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இந்தப் பயணத்தை அவள் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரைச் சாலையில் ஆளுக்கொரு சைக்கிள், பத்துப் பதினைந்து நாள், சமையலறையும் வேண்டாம், குழல்விளக்கும் வேண்டாம். கேட்கும்போதெல்லாம் அவருக்கு முழங்கால் வலிக்கும், இல்லாவிட்டால் மழை வரும், அதுவும் இல்லையென்றால் புது பேட்ச் வரும். லிஃப்ட் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது அவர் வேலை. அதனால்தான் எல்லோருக்கும் அவர் வாத்தியார். ஏழு வருடத்துக்கு முன்புவரை அவரே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக லிஃப்ட் மாட்டும் வேலைக்குப் போனவர். மாசக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரமாட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வகுப்பில் பிரேக் பாடம் எடுத்துவிட்டு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பரண்மேல் கிடந்த பழைய டைரிகளை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே, "சைக்கிள்ல போகலாம்னியே, போவோமா?" என்றார். சந்தோஷத்தில் அவள் அன்றைக்கே இரண்டு ஹெல்மெட் வாங்கி வந்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

இப்போது தோன்றியது.

ஆற்றை ஒட்டி நேராகப் போகிற சாலை இருக்க, இவர் ஏன் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே வளைந்து ஒன்றுக்கும் உதவாத ஊர்களில் போய் இறங்குகிறார்? பாலம் இல்லை, பூங்கா இல்லை. "இங்கே பாக்க என்ன இருக்கு?" என்றால், "ஒண்ணுமில்லாத ஊருதான் அமைதியா இருக்கும்" என்று பதில். ஒவ்வொரு ஊரிலும் ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். ஒருநாள் செயினுக்கு எண்ணெய். ஒருநாள் கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. நாலு நாளில் இரண்டு தடவை முடிவெட்டப் போனவர், இரண்டு தடவையும் போன முடியோடு அப்படியே திரும்பி வந்தார்.

அடுத்த டீக்கடையில் வாத்தியார் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்ததும், அவள் தள்ளிப் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

"மாமா சட்டையை மாமாவே துவைச்சாரா? போச்சு!"

"என்னடி போச்சு?"

"எங்க வீட்டுக்காரர் ஒருநாள் காபி போட்டு என் கையில குடுத்தார்க்கா. வாங்கினதுமே நேரா வாசலுக்குத்தான் ஓடினேன். பாத்தா காருக்கு முன்பக்கமே இல்லை."

"மாமா அப்படிப்பட்டவர் இல்லை."

"எப்படிப்பட்டவர்னு நான் எங்கேக்கா சொன்னேன்? நீயாத்தானே ஆரம்பிக்கறே." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, அந்தக் காலத்துல வேலை வேலைன்னு மாசக்கணக்கா சுத்தினாரே, அதெல்லாம் எந்த ஊரு?"

"வை போனை."

போனை வைத்தாயிற்று. கேள்வி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் லாட்ஜ் அறையில் வரைபடத்தை விரித்து, சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "இதெல்லாம் நீங்க முன்னாடி வேலைக்கு வந்த ஊருங்களா?"

வாத்தியார் சைக்கிள் பம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "சிலது" என்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் சட்டை அவள் கையில் சிக்கியது. அன்றைய 'பிளாஸ்திரி'யிலிருந்து திரும்பிய அவர், துவைக்க நேரமில்லாமல் அதைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அவள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தாள். தோளில் ஒட்டடை. முன்பக்கம் சிமெண்டுத் தூசி. முழங்கையில் கிரீஸ், அதுவும் சைக்கிள் செயினில் இருக்கும் கறுப்பு எண்ணெய் இல்லை, மெழுகு மாதிரி கெட்டியாக, பழுப்பாக. மூன்றும் என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றும் ஒரே சட்டையில் சேருகிற இடம் எது என்றுதான் தெரியவில்லை. பழைய வீட்டு மாடியா? யாரும் வராத குடோனா?

அப்போது மேசைமேல் இருந்த அவர் போன் அடித்தது. எடுத்தாள். ஹலோ சொல்ல வாய் திறப்பதற்குள் ஒரு பெண் குரல் கடகடவென்று பேசியது.

"சார், நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துடுங்க. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. பெல் அடிக்காதீங்க, நானே கேட்டுக்கு வரேன்."

பேசியவள் அத்தோடு போனை வைத்துவிட்டாள்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். வாத்தியார் பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் சட்டையை எடுத்த இடத்திலேயே தள்ளினாள். பதினெட்டு வருடம். எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் கிடைத்த பயணம். அதை ஒரு திரைச்சீலையாகத் தொங்கவிட்டு, அதன் பின்னால் இந்தக் கூத்தா? நிஜமென்றால் இந்த ஊரிலிருந்து அவள் தனியாகத்தான் திரும்புவாள். சைக்கிள் இருக்கிறது, வழியும் தெரியும்.

மறுநாள் பத்தரை மணிக்கு வாத்தியார் தலையைத் தடவிக்கொண்டார். "முடி ரொம்ப வளந்துடுச்சு. ஒரு நடை..."

"போங்க, போங்க. இந்தத் தடவையாவது கத்திரி இருக்கிற கடையாப் பாத்துப் போங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை.

தெருமுனை தாண்டவிட்டு அவளும் சைக்கிளை எடுத்தாள். மருந்துக்கடை, பள்ளிக்கூட மதில், தபால் நிலையம். முடிதிருத்தும் கடை ஒன்று வந்தது. வாத்தியார் அதைத் திரும்பியும் பார்க்காமல் கடந்தார். கடைசியில் வெளுத்துப்போன ஆறு மாடிக் கட்டடத்தின் முன் இறங்கினார். பையைக் கையில் எடுத்தார். கேட்டுக்குள் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும், வீட்டு உடுப்பு, கையில் சாவிக்கொத்து. இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. வாத்தியார் ஏதோ சொன்னார். இருவரும் தெருவை இப்படியும் அப்படியும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் ஐந்து நிமிடம் நின்றாள். அதற்குமேல் முடியவில்லை.

கீழ்த்தளத்தில் ஈ, காக்காய் இல்லை. லிஃப்ட் கதவுக்கு மேலே ஆறு என்ற எண் எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள். முனகிக்கொண்டே இறங்கி வந்தது. உள்ளே ஏறி ஆறை அழுத்தினாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தலையில் ஹெல்மெட், மூக்கில் வியர்வை. கழற்றத் தோன்றவில்லை. கேட்க வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். 'எத்தனை நாளா நடக்குது?' வேண்டாம், மளிகைக்கடைப் பாக்கியைக் கேட்பதுபோல் இருக்கிறது. 'அவ யாரு?' என்று மட்டும் கேட்கலாம். மூன்றாம் மாடி. நான்கு. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே போனது.

ஆறாவது மாடியில் வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. மேலே மொட்டைமாடிக்குப் போகும் படிகளின் உச்சியில் ஒரு தகரக் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. பேச்சுக் குரல் கேட்டது. அவள் சத்தம் வராமல் ஏறினாள்.

"யாருக்கும் சொல்லலைன்னீங்க, சரி சார். உங்க வீட்டம்மாவுக்காவது தெரியுமா?" அந்தப் பெண்தான்.

"அவளுக்குத்தான் முதல்ல தெரியக் கூடாது." வாத்தியாரின் குரல். "தெரிஞ்சா அப்புறம் அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

காதில் விழுந்தது போதும். கறை டாக்டர் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அது சுவரில் மோதி அதிர்ந்தது.

கட்டில் இல்லை, நாற்காலிகூட இல்லை. ஒட்டடை படிந்த சின்ன அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம், அதன்மேல் கனத்த இரும்புக் கயிறுகள், அத்தனையிலும் கெட்டியான பழுப்பு கிரீஸ். சாவிக்கொத்துப் பெண் சுவரோரம் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். சிமெண்டுத் தரையில் வாத்தியார் முழங்காலிட்டிருந்தார். ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கை லிஃப்டை நிறுத்தும் பெரிய சிவப்பு சுவிட்சின் மேல், அழுத்தத் தயாராக.

அவர் அவளைப் பார்த்தார். சற்றுமுன் சுழன்று ஓய்ந்த அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி அவளை. மாட்டிக்கொண்ட திருடனின் முழியைத்தான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள். அது அங்கே இல்லை. முகத்தில் சொட்டு ரத்தமில்லை. ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. எழுந்து வந்து இரண்டு கையாலும் அவள் தோள்களைப் பிடித்தார், ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

"இப்ப லிஃப்ட்ல ஏறி வந்தது நீயா? கயிறு அறுந்தா பிடிக்க வேண்டிய பிரேக்கை அந்தக் காலத்துல நான்தான் தப்பா மாட்டியிருக்கேன்மா, இங்க மட்டுமில்ல, ஒன்பது ஊருல!"